கண்ணன் பாட்டிற் காதலும் விடுதலையும்

தமிழிலே காதலைப் பாடாத காலம் ஒன்று இருந்ததில்லை. எட்டுத்தொகை நூல்களுள் ஐந்து முழுவதும் அகப்பொருள் பற்றியன. அறமும் பொருளும் வகுத்த வள்ளுவர் இன்பத்துக்கு 25 அதிகாரங்களை ஒதுக்கினார். பத்தி இயக்கம் எழுந்த காலத்தில் ஆழ்வார்களும் நாயன்மார்களும் தலைவியின் ஏக்கத்தை இறைவன்பால் வைத்துப் பாடினர். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார்; மணிவாசகர் 400 பாடல்களிற் கோவை செய்தார். இவ்வாறு வழிவழி வந்த செல்வத்தைப் பெற்றுக்கொண்டவர், அந்நிய ஆட்சியின் கீழ் நாடு அடிமைப்பட்டுக் கிடந்த காலத்திற் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் (1882–1921). விடுதலை என்னும் சொல்லைத் தமிழர் வாயில் உயிருள்ள சொல்லாக்கியவர் அவர். அத்தகையார் காதலைப் பாடும்போது விடுதலை வேட்கை அக்காதலுள் எவ்வாறு புகுந்தது? காதலும் விடுதலையும் ஒன்றையொன்று வளர்ப்பனவா, அன்றி ஒன்றையொன்று அழிப்பனவா? இவ்வினாவைக் கண்ணன் பாட்டின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரதியார் 1908 ஆம் ஆண்டு முதல் 1918 ஆம் ஆண்டுவரை புதுச்சேரியிற் கரந்துறை வாழ்வு போன்றதொரு வாழ்வு வாழ்ந்தார். தாம் பிறந்த மண்ணிற் காலெடுத்து வைத்தாற் சிறைப்படுவோம் என்னும் நிலையில் இருந்த கவிஞருக்குப் பிரிவும் ஏக்கமும் நூலிற் கற்ற துறைகளாக மட்டும் இருந்திரா. கண்ணன் பாட்டு 1917 இற் பரலி சு. நெல்லையப்பரால் முதன்முதல் நூலாக வெளியிடப்பட்டது. 1919 இல் வந்த இரண்டாம் பதிப்பு வ. வே. சு. ஐயரின் முன்னுரையைப் பெற்றது. இன்று வழங்கும் நூலில் 23 பாடல்கள் உள. தோழன், தாய், தந்தை, சேவகன், அரசன், சீடன், குரு, குழந்தை எனப் பல உறவுகளிற் கண்ணனைக் கண்ட கவிஞர், காதலனாகவும் காந்தனாகவும் காதலியாகவும் கண்டு பாடியவை பன்னிரண்டு. ஆகவே நூலின் பாதிக்கு மேற்பட்ட பகுதி காதற்பகுதி என்பது வெளிப்படை. இவை வாசிப்பதற்கு மாத்திரம் எழுந்தவை அல்ல, பாடுவதற்கென்றே எழுந்தவை. பாடல்கள் பலவற்றின் தலைப்பிலே இராகமும் தாளமும் சுவையும் குறிக்கப்பட்டுள்ளமை இதற்குச் சான்று.

இப்பாடல்களைப் படிப்போர் இருவகைத் தவறுகளுக்கு ஆளாகின்றனர். ஒரு சாரார், கண்ணன் பரமான்மா, தலைவி சீவான்மா எனச் சூத்திரம் போல ஒருமுறை சொல்லிவிட்டுப் பாட்டின் உடலைத் தொடாமலே அப்பாற் செல்வர். அவர்களுக்குப் பாட்டு ஒரு கடிதவுறை. உள்ளே இருக்கும் தத்துவத்தை எடுத்தபின் உறையை எறிந்துவிடலாம். மற்றொரு சாரார், கண்ணன் என்னும் பெயர் ஒரு போர்வை, உள்ளே இருப்பது வெறும் மானிடக் காமமே என்பர். தொல்காப்பியர் இவ்விரு சாராருக்கும் முன்பே விடை கூறிவைத்தார். நாடகப் புனைவும் உலகியல் நடப்பும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே புலவர் கைக்கொள்ளும் நெறி என்பது அவர் கொள்கை. உலகியல் இன்றேல் ஏக்கம் பொய்யாகும். புனைவு இன்றேல் இலட்சியம் இல்லாது போகும். கண்ணன் பாட்டில் இரண்டும் பிரிக்கவொண்ணாதபடி கலந்து நிற்கின்றன. மனிதக் காதலாக நின்று சுட்டாலன்றி அது தெய்வக் காதலாக உயராது என்க.

அகமரபில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது விதி. பாரதியாரோ பெயர் சுட்டுகின்றார். கண்ணன் என்கின்றார், கண்ணம்மா என்கின்றார். ஆயினும் அப்பெயர்கள் எவரையும் சுட்டாமலே நிற்கின்றன. கண்ணன் எல்லார்க்கும் உரியவன். கண்ணம்மா நாட்டுப்புறத்தில் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் வழங்கும் பெயர். விதியை மீறியும் விதியின் கருத்தைக் காத்த இத்திறம் பாராட்டத்தக்கது. இன்னொரு புதுமையும் உண்டு. இறைவனைத் தலைவனாகவும் தம்மைத் தலைவியாகவும் பாவித்தலே நம் பத்தி மரபின் பெருவழக்கு. அவ்வழக்கைக் காதலன் பாடல்களிற் பின்பற்றிய கவிஞர், காதலிப் பாடல்களில் அதனைத் தலைகீழாக்கிக் கண்ணனையே பெண்ணாக்கி, தாம் ஆணாக நின்று ஏங்குகின்றார். எனவே, காதலில் இருபாலாரின் குரலும் ஒரு நூலுக்குள்ளே கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கின்றது. காதலில் விடுதலை யாருக்கு என்னும் வினாவுக்கு விடை காண இவ்விரு குரல்களையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

முதலில் ஏக்கத்தை நோக்குவாம். காதலன் பாடல்களின் தொடக்கத்தில் வரும் தலைவி, தன் நிலைக்கு மூன்று உவமைகள் கூறுகின்றாள்: தூண்டிலிற் கோத்த புழு, காற்றில் வைத்த விளக்கு, கூண்டில் அடைபட்ட கிளி. புழுவுக்கு வலி, விளக்குக்கு நடுக்கம், கிளிக்கோ தனிமையும் சிறையும். ஏக்கம் என்பது துன்பமாக மாத்திரம் அன்றிச் சிறையாகவும் உணரப்படுவதை மூன்றாம் உவமை காட்டும். அவளுக்கு உணவு கசக்கின்றது, உறக்கம் இல்லை, தோழியரின் பேச்சும் தாயின் அணைப்பும் வெறுக்கின்றன. பின்பு ஒருநாட் கனவில் இன்னான் என்று அறியப்படாத ஒருவன் வந்து உள்ளத்தைத் தொட்டு மறைகின்றான். விழித்தெழுந்தபோது அவன் இல்லை. ஆயின் குளிர்ச்சி இருக்கின்றது. முன்பு வெறுத்த அதே வீடு இப்போது மனத்துக்கு இசைந்ததாகின்றது. ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது யாதெனின், கிளி கூண்டை உடைத்துக்கொண்டு பறந்ததாகக் கவிஞர் சொல்லவில்லை என்பதே. வீடு மாறவில்லை, வீட்டில் இருப்பவளின் உள்ளம் மாறிற்று. ஆண்டாளும் கனவில் மணங்கண்டவரே. ஆனால் அவர் கனவு மணவினையின் ஒவ்வொரு படியையும் நிரல்படக் கண்ட கனவு. பாரதியாரின் தலைவி கண்ட கனவிற் சடங்கு ஒன்றும் இல்லை. ஒரு தொடுதல் மட்டுமே உண்டு.

ஏக்கத்தின் உச்சியைத் தொடுவது 'பிரிவாற்றாமை' என்னும் பாடலாகும். திருக்குறளில் வரும் தலைவி, காதலர் தன் கண்ணுக்குள்ளே இருக்கின்றார், மை தீட்டினால் அவர் மறைவார் என்று அஞ்சி மையெழுதாது விடுகின்றாள். பாரதியாரின் தலைவிக்கு நேர்ந்த துன்பம் இதற்கு நேர்மாறானது. அவளுக்குக் காதலனின் முகமே மறந்துபோய்விட்டது. நெஞ்சம் நேசத்தை மறக்கவில்லை. வாய் அவன் புகழை ஓயாது பேசுகின்றது. கண்ணோ அவன் உருவத்தை இழந்துவிட்டது. ஓர் உருவம் தோன்றுகின்றது, அதில் அவன் அழகு முழுதும் இல்லை. முகம் தெரிகின்றது, அதிற் சிரிப்பு இல்லை. தேனை மறந்த வண்டும், ஒளியை மறந்த பூவும், வானை மறந்த பயிரும் உலகில் உண்டோ என்று அவள் வினவுகின்றாள். பார்த்து ஆறுதல் பெற ஒரு படமும் அவளிடம் இல்லை. நெடுநாட் பிரிந்திருந்தார் யாவரும் இவ்வுண்மையை அறிவர். அன்பு மாறாதிருக்கவும் முகம் மங்கிப்போதல் மனித மனத்தின் இயல்பு; அது குற்றமும் அன்று. ஆயினும் அன்புடையார்க்கு அது பெருங் குற்றம் போலத் தோன்றும். பிரிவைப் பாடிய நம் புலவர் பலர் மறவாமையைப் பாடினர். பாரதியாரோ மறதியைப் பாடி மறவாமையை நிலைநாட்டினார். முகத்தை மறந்தவளின் அன்பு, முகத்தை நினைவில் வைத்திருப்பவளின் அன்பினுங் குறைந்ததன்று என்பதை இப்பாடல் உணர்த்துகின்றது. காதலுக்கு இலட்சியமாக அமைந்த உருவம் அழிந்த பின்பும் காதல் எஞ்சி நிற்கின்றது என்பதே அதன் பொருள்.

இனி, இலட்சியக் காதலை நோக்குவாம். 'காட்சி வியப்பு' என்னும் பாடலிற் கண்ணம்மா ஒரு பெண்ணாக நில்லாது ஓர் அண்டமாகவே விரிகின்றாள். அவள் விழிகள் ஞாயிறும் திங்களும். கண்ணின் கருமை வானத்தின் இருள். நீலப் புடைவையிற் பதித்த வைரங்கள் நள்ளிரவின் விண்மீன்கள். சங்கப் புலவர் இயற்கையிலிருந்து உறுப்புக்கு உவமை எடுத்தனர். இவரோ இயற்கை முழுவதையும் அவளது மேனியிலே இறக்கி வைத்துவிடுகின்றார். இவ்வகைப் புகழ்ச்சியில் ஓர் இடர் உண்டு. பெண்ணை வானமாக்கிவிட்டால் அவள் மண்ணில் நடமாடும் உரிமையை இழந்துவிடுவாள். வணங்கப்படும் பொருள் வாய் திறப்பதில்லை. இவ்விடரைக் கவிஞர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அடுத்த பாடலே சான்றாகும்.

'பின்னே வந்து நின்று கண் மறைத்தல்' என்னும் அப்பாடலிற் காதலன் மாலைப்பொழுதிற் கடற்கரையில் இருந்து வானும் கடலும் கூடும் எல்லையை நோக்கித் தன்னை மறந்திருக்கின்றான். கடற்கரை நெய்தல் நிலம். அதன் உரிப்பொருள் இரங்கல். மாலை முல்லைக்குரிய சிறுபொழுது. அதன் உரிப்பொருள் இருத்தல். இரங்குதற்கும் காத்திருத்தற்கும் உரிய இடத்தையும் பொழுதையும் தேர்ந்து, அவற்றிடையே எதிர்பாராத கூட்டத்தைக் கவிஞர் நிகழ்த்துகின்றார். கண்ணம்மா ஓசையின்றிப் பின்னே வந்து அவன் கண்களைப் பொத்துகின்றாள். கையின் தீண்டலாலும் பட்டின் மணத்தாலும் உள்ளத்தில் ஊறும் உவகையாலும் அவளை அவன் அறிந்துகொள்கின்றான். அப்போது அவள் பேசுகின்றாள். அலையில் என்ன கண்டாய், நீல வானில் என்ன கண்டாய், நுரையிலும் குமிழியிலும் என்ன கண்டாய், நாள்தோறும் முகிலை அளந்து நீ பெற்ற பயன்தான் யாது என்று அடுக்கடுக்காக வினவுகின்றாள். அவன் எல்லாவற்றிலும் அவள் முகத்தையே கண்டதாக மறுமொழி கூறுகின்றான்.

இவ்வுரையாடலை வெறும் ஊடல் விளையாட்டாகக் கொள்ளுதல் அமையாது. இலட்சியத்தைத் தொலைவிலே தேடும் கவிஞனை, அவன் முதுகுப்புறத்தில் வந்து நிற்கும் பெண் கேட்கும் வினா இது. தொடுவானை நோக்கியிருந்தவனுக்கு அவள் பின்னே வந்து நிற்பது தெரியவில்லை. கண்ணை மூடிய பின்னரே அவளை உணர்ந்தான். ஈற்றில் அவள் கையை விலக்கி, திரும்பி, அணைத்தபோதும் அதே முகத்தைக் கண்டதாகக் கூறி முடிக்கின்றான். திரும்புதல் என்னும் அச்செயலிலேதான் பாட்டின் உயிர் இருக்கின்றது. அலையில் முகங்காண்பது கற்பனை. திரும்பிக் காண்பது வாழ்க்கை. திரும்பத் தெரியாத இலட்சியக் காதல் நுரையிலே வரைந்த ஓவியமாகவே முடியும்.

இனி விடுதலைக்கு வருவாம். 'குறிப்பிடம் தவறியது' என்னும் பாடலில் நீர்த்துறையருகே உள்ள சண்பகச் சோலையிற் காதலன் காத்திருக்கின்றான். வருவதாகச் சொன்னவள் வரவில்லை. நிலவு வானெங்கும் பரந்து தழுவுகின்றது. உலகம் துயிலில் ஆழ்ந்துள்ளது. அவன் ஒருவன் மட்டும் பிரிவென்னும் நரகிலே கிடக்கின்றான். அவளது மாளிகையிலே எந்நேரமும் கடுங்காவல். அகத்திணையில் இதற்கு ஒப்பானவை இற்செறிப்பும் அல்லகுறிப்படுதலும் ஆம். அல்லகுறிப்படுதலில் தவறான குறியை நம்பி வெளியே வந்து ஏமாந்து திரும்புபவள் தலைவி. இங்கோ ஏமாந்து நிற்பவன் தலைவன். காவலின் கொடுமையை அதற்கு வெளியே நிற்கும் ஆண்மகன் தன் உடம்பில் உணரும்படி கவிஞர் செய்துவிட்டார். பெண்ணைப் பூட்டிவைக்கும் சமுதாயத்தில் ஆணும் விடுதலை பெற்றவன் ஆகான் என்னும் உண்மை இப்பாடலிலிருந்து போதரும்.

'காட்சி வியப்'பின் இறுதியிற் கண்ணம்மா சாத்திரம் பேசுகின்றாள். வேட்கை மிக்கவர்க்குச் சாத்திரம் எதற்கு, மூத்தோர் இசைவுடன் செய்யும் மணவினைகளைப் பின்னர்ச் செய்வோம் என்கின்றான் காதலன். இது மரபுக்கு மாறானது எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். களவின் வழிக் கற்பு என்பது தமிழரின் பழைய நெறியே என்பதை அவர்கள் மறத்தலாகாது. பொய்ம்மையும் குற்றமும் உலகிலே தலைகாட்டிய பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் எனத் தொல்காப்பியர் காரணங் கூறுகின்றார். அன்பு மெய்யாயின் சடங்கு அதற்குப் பின்வரலாம்; அன்பு பொய்ப்படுமாயின் சடங்கு காவலாக வேண்டும்.

ஆயினும் அன்பு மெய்யா பொய்யா என்பதை யார் அறிவார்? இவ்வினாவைக் கவிஞரே 'காட்டிலே தேடுதல்' என்னும் பாடலில் எழுப்பிவிட்டார். தலைவி கண்ணனைத் தேடி அடர்ந்த காட்டினுள்ளே தனியே அலைகின்றாள். அகமரபில் உடன்போக்கில் தலைவி காட்டுவழி செல்வதுண்டு. ஆனால் தலைவன் உடன்செல்வான். தேடிச் செல்பவள் செவிலி. தலைவியே தேடிப் புறப்படுதலுக்கு ஆதிமந்தியின் கதையைப் போலச் சிலவே முன்மாதிரி உண்டு. இவ்வாறு தன் விருப்பினாலே வெளியேறிய பெண் களைத்து வீழ்ந்தபோது வேல் தாங்கிய வேடன் ஒருவன் வருகின்றான். அவன் அவளை விரும்புகின்றான். இறைச்சியும் கனியும் கள்ளும் தருவதாகச் சொல்கின்றான். அவள் அவனை அண்ணா என விளித்து, தான் பிறனுக்கு உரியவள் என்று இரந்து நிற்கின்றாள். அதற்கு வேடன் கூறும் விடை நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. தனக்குச் சாத்திரம் வேண்டியதில்லை, அவளது இன்பமே வேண்டும் என்கின்றான்.

காட்சி வியப்பிற் காதலன் சொன்னதும் இதுவே அன்றோ? சாத்திரம் வேண்டா என்னும் அதே பேச்சு ஓரிடத்திற் காதலின் குரலாகவும் மற்றோரிடத்தில் வன்முறையின் குரலாகவும் ஒலிக்கின்றது. சொல்லில் வேறுபாடு இல்லை. வேறுபாடு பெண்ணின் உள்ளத்தில் இருக்கின்றது. அவள் தேடி வந்தது வேடனை அன்று. ஆகவே விடுதலைக் காதலுக்கு உரைகல் சாத்திரமும் அன்று, சாத்திர மறுப்பும் அன்று. பெண்ணின் மனமே உரைகல் ஆகும். இதனைக் கவிஞர் கட்டுரையாகச் சொல்லாது இரு பாடல்களை ஒரே நூலில் வைத்து நாமே ஒப்பிட்டு உணரும்படி விட்டார்.

இவ்வுரைகல்லிலே உரைத்துப் பார்க்குமிடத்துக் கண்ணன் பாட்டின் எல்லாப் பாடல்களும் ஒரே மாற்றினவாகத் தேறவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். 'முகத்திரை களைதல்' என்னும் பாடலிற் காதலன், பெண் முகத்தை மறைத்தல் பிற்காலத்தில் வடக்கே புகுந்த வழக்கமென்றும், பழகிய பின்னரும் நாணுவது பொய்ம்மையென்றும் வாதாடுகின்றான். வாதம் நன்று. ஆயின் இறுதியில், வலிந்து திரையை நீக்கினால் தன்னைத் தடுப்பார் யார் என்றும், கனியைக் கண்டவன் தோலை உரிக்கக் காத்திருப்பானோ என்றும் கேட்கின்றான். கனி என்பது வேடன் அவளை விளித்த சொல். உரித்து உண்ணப்படும் பொருளுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. திரையை நீக்குதல் விடுதலையே. ஆயின் திரையிட்டவள் தானே நீக்குதல் வேண்டும். பிறர் கை நீக்குமாயின் ஓர் ஆட்சி போய் மற்றோர் ஆட்சி வந்தது என்பதே முடிவு. கண்ணம்மா இப்பாடலில் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதும் கருதத்தக்கது. கடற்கரையிற் கேள்வி மேற் கேள்வி கேட்டவள் இங்கே ஊமையாகிவிட்டாள். காதற் குறும்பு எனக் கொண்டு இதனைப் பொறுத்தல் ஆகும் என்பாரும் உளர். பொறுக்கலாம், ஆனால் கவிஞரின் உயர்ந்த பாடல்களுடன் இதனை ஒருநிகராக வைத்தல் ஆகாது.

பாரதியாரின் பிற பாடல்கள் இக்குறையை நிறைவு செய்கின்றன. பாரதி அறுபத்தாறில் 'விடுதலைக் காதல்' என்னும் பகுதியில், ஐரோப்பாவில் எழுந்த கட்டற்ற காதற் கொள்கையை அவர் எடுத்து மறுக்கின்றார். விருப்பம் வந்தாற் கூடி, அது நீங்கினால் வருத்தமின்றிப் பிரிந்து செல்லலாம் என்னும் அக்கொள்கை வீரமற்ற ஆடவரின் சூழ்ச்சி என்பது அவர் கருத்து. திருடரைப் போலப் பெண்மையின் நலத்தை உண்டு திரிவோருக்கு அது வசதியான தத்துவம் என்கின்றார். காட்டிலே வந்த வேடன் நகரத்துக்குச் சென்று நூல் எழுதத் தொடங்கினால் இக்கொள்கையையே எழுதியிருப்பான். அதே கவிஞர் 'பெண்கள் விடுதலைக் கும்மி'யிற் கற்பை இருபாலார்க்கும் பொதுவாக்க வேண்டும் என்றும், பெண்ணை வற்புறுத்தி மணஞ்செய்து கொடுக்கும் வழக்கத்தை மிதித்துத் தள்ள வேண்டும் என்றும் முழங்குகின்றார். இவற்றை முரண்பாடு என்று கூறுவார் கூற்று ஏற்கத்தக்கதன்று. வற்புறுத்திச் சேர்த்தலும் விளையாட்டாகப் பிரித்தலும் ஆகிய இரண்டிலும் பெண்ணின் மனம் பொருட்படுத்தப்படுவதில்லை. ஆதலின் இரண்டையும் அவர் ஒருங்கே வெறுத்தார்.

விடுதலைக்கு அவர் காட்டிய உவமையும் இதற்கு அரண் செய்கின்றது. விடுதலையை வேண்டிப் பாடிய பாடலில் அவர் சிட்டுக்குருவியை எடுத்துக்காட்டுகின்றார். எட்டுத் திசையும் பறந்து திரியும் அக்குருவி, பெட்டையோடு மகிழ்ந்து பேசுகின்றது. துன்பமற்ற கூடு ஒன்றைக் கட்டுகின்றது. முட்டையையும் குஞ்சையும் காத்து அன்பு செய்கின்றது. பறத்தலுக்கு நிகராகக் கூடு கட்டுதலும் விடுதலையின் பகுதியாக இங்கு வைக்கப்பட்டிருத்தல் காண்க. கூண்டும் கூடும் ஓரெழுத்தில் வேறுபடும் சொற்கள். இரண்டும் பறவை தங்கும் இடங்கள். கூண்டு பிறர் செய்தது. கூடு தான் கட்டியது. காதலன் பாடலிற் கூண்டுக்கிளியாக வாடியவளின் ஏக்கம் எங்கே சென்று அமைதியுறும் என்பதற்கு இக்குருவியின் கூடே விடையாகும்.

காதலிப் பாடல்களின் இறுதியில் 'யோகம்' என்னும் பாடல் நிற்கின்றது. ஒளியும் விழியும், வீணையும் விரலும், மழையும் மயிலும், நிலவும் கடலும், பொருளும் மொழியும், மணமும் மலரும் என இணை இணையாகப் பொருள்கள் வருகின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று மற்றொன்றின்றி நிறைவுறாது. விரல் இல்லாத வீணை ஊமை. வீணை இல்லாத விரலுக்குத் தொழில் இல்லை. இலக்கணம் கற்கும் மாணவர் இங்கு ஒன்றனைக் கவனித்தல் நன்று. இணைகள் யாவும் எனக்கு, உனக்கு என நான்காம் வேற்றுமை கொண்டே அமைந்துள்ளன. ஆறாம் வேற்றுமை உடைமைப் பொருளது. இது என்னுடையது எனப் பற்றிக்கொள்வது. நான்காம் வேற்றுமை கொடைப் பொருளது. ஒருவர்க்கு ஒருவர் தம்மைக் கொடுப்பது. அடிமைப்படுத்தும் காதல் ஆறாம் வேற்றுமையிற் பேசும். விடுதலை பெற்ற காதல் நான்காம் வேற்றுமையிற் பேசும். கனியை உரித்து உண்ண நினைத்த குரல் இங்கே முற்றும் அடங்கிவிட்டது. யோகம் என்னும் சொல்லுக்குக் கூடுதல் என்பதே பொருள். உயிரும் இறையும் கூடுதலை இப்பாடல் குறிக்கின்றது என்பார்க்கும் நாம் மாறுபட வேண்டியதில்லை. இருவரும் தம்மைத் தம் விருப்பினாற் கொடுக்கும் கூட்டமே யோகமெனப்படத் தகும். கட்டாயத்தால் விளைவது யோகமன்று.

இப்பாடல்கள் இன்று ஏட்டில் மட்டும் உறைவன அல்ல. ஈழம் தந்த பேரறிஞர் சுவாமி விபுலானந்தர் (1892–1947) அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்திற் பாரதியாரின் கவிதைச் சிறப்பை மாணவர்க்கு எடுத்துரைத்தார். பின்னர் இசைத்தட்டும் வானொலியும் திரைப்படமும் அப்பாடல்களைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றன. 1961 இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் என்னும் படத்தில், தனிப்பாடல்களுள் ஒன்றாகிய 'கண்ணம்மாவின் காதல்' இரு காதலர் சேர்ந்து பாடும் பாட்டாக அமைந்தது. ஒருவன் தன் காதலியை விளித்துப் பாடியதை இருவரும் மாறிப் பாடும்போது பெண்ணுக்கும் குரல் கிடைத்தது என்பதும் மறுத்தற்கியலாது. திரையிசையைப் புலவர் உலகம் முற்றாக இகழ்தல் பொருந்தாது.

ஆயின் பாட்டைக் கேட்டு மகிழ்வதோடு நம் கடமை முடிந்துவிடுகின்றதா? பாரதி அறுபத்தாறிற் 'காதலின் புகழ்' என்னும் பகுதியிற் கவிஞர் நம்மை நோக்கி ஒரு குற்றச்சாட்டை வைத்துள்ளார். நாடகத்திலும் காவியத்திலும் காதலைக் கண்டால் வியந்து போற்றும் மக்கள், அதே காதல் தம் வீட்டிலும் கிணற்றடியிலும் ஊரிலும் தோன்றினால் உறுமுகின்றனர், அதனைக் கொல்லவும் வழி தேடுகின்றனர் என்பது அதன் கருத்து. நம் நாட்டிலே கண்ணம்மாப் பாடல்களை மேடையிற் பாடக் கேட்டுத் தலையசைப்போர் பலர். அவர்தம் இல்லங்களிற் சாதியும் சாதகமும் சீதனமும் பொருந்திய பின்னரே பெண்ணின் மனம் கேட்கப்படும். சிலவிடத்து அதுவும் கேட்கப்படுவதில்லை. மேடையில் யோகம், வீட்டில் இற்செறிப்பு. இவ்விரட்டை வாழ்வு நீங்காதவரை நாம் பாரதியாரைப் பாடுகின்றோமேயன்றிப் படிக்கவில்லை என்பதே உண்மை.

இளைஞர்க்கும் இப்பாடல்களில் ஓர் எச்சரிக்கை உண்டு. பெற்றோரின் கட்டுப்பாட்டை மீறுதலே காதல் என்று எண்ணுவோர், வேடனும் சாத்திரத்தை மறுத்தவனே என்பதை நினைவிற் கொள்க. தொடுவானிலே இலட்சிய வடிவம் ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் மனிதரைக் காணாதிருப்போர், கண்ணம்மா கடற்கரையிற் கேட்ட வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்க. முகம் மறந்த பின்னும் குன்றாத நேசமும், பிறர் மனத்தை மதிக்கும் பணிவும், தானே கட்டிய கூட்டைக் காக்கும் பொறுப்பும் ஒருங்கு சேர்ந்தவிடத்தே காதலும் விடுதலையும் ஒன்றாகும். நாட்டுக்கு விடுதலை வேண்டிய கவிஞர் வீட்டுக்கும் நெஞ்சுக்கும் அதே விடுதலையை வேண்டினார். முன்னையது பற்றி விழா எடுக்கின்றோம்; பின்னையது இன்னும் நம் கையில் எஞ்சியுள்ள பணியாகும்.